சங்கு அக்கா, சூரைத் தம்பி, பாசித் தங்கச்சி! 1969-லிருந்து ஓடும் குடும்ப அனிமேவின் பாட்டுக் கதை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல விசைப்படகுகள் வரிசையா கட்டிக் கிடக்கும். இந்தக் கரையில ஞாயிறு லீவு. கோயிலுக்குப் போயாச்சு, மீன் குழம்பு சாப்பிட்டாச்சு, ஒரு தூக்கமும் போட்டாச்சு. ஆறு மணி தாண்டினதும் மனசுக்குள்ள ஒரு சின்னக் கனம் வந்து உக்காரும். நாளைக்குத் திங்கள். விடியறதுக்கு முன்னாடி படகு கிளம்பணும். ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் பாக்கி. ஐ.டி கம்பெனியில இருக்கிறவங்களுக்குத் திங்கள் காலை மீட்டிங்.

இந்தக் கனத்துக்கு ஜப்பான்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'சஸாயே-சான் நோய்'. ஞாயிறு மாலை 6.30-க்கு டி.வி-யில் ஓர் அனிமே வரும். அது முடிந்து கடைசிப் பாட்டு ஓடும்போது, 'அவ்வளவுதான், லீவு முடிஞ்சுபோச்சு' என்று நாடே பெருமூச்சு விடுமாம். ஒரு பாட்டு, ஒரு நாட்டின் ஞாயிற்றுக்கிழமைக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. அதுவும் ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 1969-லிருந்து!

டோரேமானும் ஷின்சானும் உங்களுக்கு நல்லாத் தெரியும். அவர்களுக்கெல்லாம் மூத்த அக்கா இந்த சஸாயே-சான். அந்த அக்காவின் பாட்டுகளைப் பற்றிய முழு விவரம் இதோ.

யார் இந்தக் குடும்பம்?

ஹசெகவா மச்சிகோ என்ற பெண் கார்ட்டூனிஸ்ட், 1946-ல் ஃபுகுவோகா நகரின் உள்ளூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் நான்கு கட்டச் சித்திரக் கதையாக இதைத் தொடங்கினார். பிறகு 'அசாஹி' நாளிதழுக்கு மாறி, 1974 வரை வரைந்தார். 1969 அக்டோபர் 5-ம் தேதி ஃபுஜி டி.வி-யில் அனிமேவாக ஆரம்பித்தது. உலகிலேயே அதிக காலம் ஓடும் அனிமேஷன் டி.வி தொடர் என்று 2013-ல் கின்னஸில் இடம்பிடித்தது.

கடற்கரையில் நடந்துகொண்டே கதாபாத்திரங்களுக்குப் பெயர் யோசித்தாராம் ஹசெகவா. அதனால் வீடு முழுக்கக் கடல் வாசம். நம்ம ஊர் ஏலக்கூடத்தில் நின்று கேட்டால் எல்லாமே சொந்தக்காரப் பெயர்களாகத் தோன்றும்:

சஸாயே: கதாநாயகி, வயது 24. பெயரின் அர்த்தம், பாறைகளில் ஒட்டி வாழும் முள்ளுச் சிப்பி நத்தை. நம்ம சங்குக்குத் தூரத்துச் சொந்தம்.

கட்சுவோ: ஐந்தாம் வகுப்பு படிக்கும் வால் தம்பி. அர்த்தம், சூரை மீன். இந்த மீனைக் காயவைத்துச் செய்வதுதான் ஜப்பான் சமையலின் அடிப்படை. நம்ம ஊரில் அதற்குப் பெயர் மாசி!

வகமே: தங்கை. அர்த்தம், கடல்பாசி.

நமிஹேய்: அப்பா. பெயருக்குள் இருப்பது அலை.

ஃபூனே: அம்மா. அர்த்தம், படகு. நம்ம பாஷையில் தோணி.

மசுவோ: சஸாயேயின் கணவர். மாமனார் வீட்டிலேயே குடியிருக்கும் மாப்பிள்ளை. பெயர் ஒரு மீன், குடும்பப் பெயரான 'ஃபுகுதா'வில் இருப்பது பேத்தை மீன்.

தாரா: மூன்று வயது மகன். இதுவும் ஒரு மீன்.

தமா: வீட்டுப் பூனை. மீன் பெயர் இல்லாததும் நல்லதுதான், இல்லைன்னா வீட்டையே தின்னுடும்.

ஒரு கொசுறுத் தகவல். ஜப்பான்காரர்கள் காலங்காலமாகச் சுட்டுச் சாப்பிட்ட, டி.வி-யில் பாதி நூற்றாண்டு பாடிய அந்த சஸாயே நத்தைக்கு, முறையான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. வேறோர் இனத்தின் பெயரைத் தவறுதலாக ஒட்டி வைத்திருந்தார்கள். 2017-ல் ஓர் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்து, 'டர்போ சஸாயே' என்று பெயர் சூட்டினார். தினமும் கண்ணெதிரே இருக்கும் பொருளைத்தான் யாரும் சரியாகப் பதிவு பண்ணுவதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டைட்டில் பாட்டு: மீனைத் தூக்கிட்டு ஓடும் பூனை

ஓபனிங் பாட்டின் பெயரே 'சஸாயே-சான்'. எழுதியவர் ஹயாஷி ஹருவோ, இசை ட்சுட்சுமி கியோஹேய், பாடியவர் உனோ யூகோ. பாட்டின் கதை ரொம்ப எளிது. ஒரு திருட்டுப் பூனை மீனைக் கவ்விக்கொண்டு ஓட, அக்கா செருப்புகூடப் போடாமல் துரத்துகிறாள். இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள நமக்கு சப்டைட்டில் வேணுமா என்ன?

ட்சுட்சுமி கியோஹேய் சாதாரண ஆள் இல்லை. ஜப்பானில் சிங்கிள் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்த இசையமைப்பாளர். அவர் பாட்டுகளின் மொத்த விற்பனை 7 கோடியே 50 லட்சம் பிரதிகளுக்கும் மேல். சஸாயே-சானுக்கு முந்தைய வருஷக் கடைசியில் வந்த 'ப்ளூ லைட் யோகோஹாமா' அவருடைய பெரிய ஹிட். அதுவும் ஒரு துறைமுக ஊரின் இரவு விளக்குகளைப் பற்றிய பாட்டுதான். சினிமாவுக்கு ஹிட் கொடுக்கிற உச்ச நட்சத்திர இசையமைப்பாளர் வீட்டு சீரியலுக்கு டைட்டில் பாட்டு போட்டால் எப்படி இருக்கும்? அப்படி!

அதனால்தான் இது குழந்தைப் பாட்டு மாதிரி ஆரம்பித்தாலும், உள்ளே பிராஸ் வாத்தியங்களும் துள்ளுகிற பேஸ் கிட்டாருமாக அந்தக் காலத்து பாப் பாட்டு ஒளிந்திருக்கும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஆட்டம் வரும்.

பாட்டு மாறவில்லை, ஆனால் படம் மாறும். ஓபனிங்கில் சஸாயே ஜப்பானின் ஏதாவது ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பாள். சீசனுக்குத் தக்கபடி கோயில், மலை, கடற்கரை என்று காட்சிகள் புதிதாகும். சுற்றுலாவுக்காக ஊர் நிர்வாகங்களே இதில் இடம்பிடிக்க ஆர்வம் காட்டும்.

எண்டிங்: எல்லாரும் வீட்டுக்குள்ள வாங்க

கடைசிப் பாட்டு 'சஸாயே-சான் இக்கா'. 'சஸாயே குடும்பம்' என்று அர்த்தம். எழுத்து, இசை, குரல் அதே மூன்று பேர். இது குடும்பமாக மலையேறப் போகிற பாட்டு. திரையில் மொத்தக் குடும்பமும் வரிசையாக அணிவகுத்து ஓர் குட்டி வீட்டுக்குள் நுழையும். அத்தனை பேரும் உள்ளே போனதும் வீடு பொம்மிக் குலுங்கும்.

துள்ளலான இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஜப்பானில் திங்கட்கிழமை சோகம் வருகிறது என்பது வேடிக்கை. சோக ராகம் எதுவும் இல்லை. பாட்டு வரும் நேரம்தான் சோகம். நமக்குப் பள்ளி மணி ஓசை எப்படியோ அப்படி.

இதற்குப் பிறகு அடுத்த வார முன்னோட்டம். 1991 முதல் அதன் முடிவில் சஸாயே, பார்க்கிறவர்களோடு 'கல்-பேப்பர்-கத்தரிக்கோல்' விளையாடுவாள். டி.வி முன்னால் உட்கார்ந்து கையை நீட்டித் தோற்றுப்போன தலைமுறைகள் அங்கே ஏராளம்.

இடையில வர்ற இசை: பேர் தெரியாத ஹீரோ

தீம் சாங் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாரா வாரம் 3 குட்டிக் கதைகளுக்குள் ஓடும் பின்னணி இசை? கதைத் தலைப்பு வரும்போது ஒலிக்கும் சின்ன இசைத் துணுக்கு, கட்சுவோ மாட்டிக்கொள்ளும்போது வரும் கேலி இசை, அப்பா திட்டும்போது வரும் 'டொய்ங்'... இவற்றின் முக்கியமான கர்த்தா கோஷிபே நொபுயோஷி. 'ஸ்பீடு ரேசர்' என்று உலகம் முழுக்கப் போன கார் ரேஸ் அனிமேவின் தீம் இசையும் அவருடையதுதான். 2014-ல் காலமானார்.

டி.வி அனிமேவில் பொதுவாக ஒவ்வோர் எபிசோடுக்கும் புது இசை போட மாட்டார்கள். 'சந்தோஷம்', 'பதற்றம்', 'ஏமாற்றம்', 'மாலை நேரம்' என்று வகை வகையாகக் குட்டி இசைகளை முன்கூட்டியே பதிவு செய்து, ஒரு பெட்டகம் மாதிரி வைத்துக்கொள்வார்கள். காட்சியைப் பார்த்து எதை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுப்பதற்குத் தனி ஆள் உண்டு. வீட்டில் மசாலா டப்பா இருப்பது போலத்தான். தினம் புது மசாலா அரைப்பதில்லை. எந்தக் குழம்புக்கு எது, எவ்வளவு என்று தெரிந்த கைதான் முக்கியம்.

இப்படி ஒரே இசை திரும்பத் திரும்ப வருவதால் அது வீட்டுச் சத்தமாகவே ஆகிவிடுகிறது. குக்கர் விசில் மாதிரி, வாசல் கதவு கிறீச்சிடுகிற மாதிரி. அதனாலேயே அதை யாரும் 'இசை'யாக நினைப்பதில்லை. சஸாயே-சானின் பின்னணி இசை முறையான தொகுப்பாகக் கடைக்கு வந்தது ரொம்பத் தாமதமாகத்தான். தொடர் ஆரம்பித்து நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து!

குட்டி அகராதி: அனிமே பிளேலிஸ்ட்டைத் திறந்தால் குழப்பாமல் இருக்க

ஓபனிங்: தொடக்கப் பாட்டு. டி.வி-க்காகச் சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டியிருப்பார்கள்.

எண்டிங்: பெயர்ப் பட்டியல் ஓடும்போது வரும் பாட்டு.

இன்சர்ட் சாங்: கதை நடுவில் ஒலிக்கும், குரலோடு கூடிய பாட்டு. நம்ம சினிமாவின் 'மாண்டேஜ் சாங்' மாதிரி.

பி.ஜி.எம்: இதை விஜய், அஜித் ரசிகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கேரக்டர் சாங்: கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுப்பவரே அந்தக் குரலில் பாடுவது. கட்சுவோவுக்குக் குரல் கொடுத்த தகஹாஷி கசுயே, 'கட்சுவோ-குன்' என்ற பாட்டை அப்படிப் பாடியிருக்கிறார். வால் பையன் வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கும் மென்மையான பாட்டு.

இன்னொரு விஷயம். பழைய எபிசோடுகளைச் செவ்வாய்க்கிழமைகளில் 1997 வரை மறுஒளிபரப்பு செய்தார்கள். அதற்கு வேறு ஓபனிங், வேறு எண்டிங். அனிமே பாட்டுகளின் ராணி என்று கொண்டாடப்படும் ஹோரியே மிட்சுகோ பாடியவை. ஆக, ஜப்பானில் ஒருவரின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: 'செவ்வாய்க்கிழமைப் பாட்டு ஞாபகமிருக்கா?' என்று கேட்பது.

நமக்குத் தெரிஞ்ச குடும்பங்கள் என்ன பாடுகின்றன?

டோரேமான்: 1979-ல் தொடங்கிய தொடரின் புகழ்பெற்ற தீம் 'டோரேமான் நோ உதா'. இசை கிகுச்சி ஷுன்சுகே. 'டிராகன் பால்' இசையும் அவர்தான். 2021-ல் 89 வயதில் காலமானார். ஒரே பாட்டை ஓசுகி குமிகோவில் தொடங்கி பல பாடகர்கள் அடுத்தடுத்துப் பாடி, 2005 வரை கொண்டுவந்தார்கள். 2007-ல் வந்த 'யுமே ஓ கனாயேதே' பாட்டின் மெட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தி டப்பிங்கில் 'ஜிந்தகி சவார் தூ' என்று வந்தது அதே மெட்டுதான். 2019 முதல் ஹோஷினோ கென்னின் 'டோரேமான்'. அதன் இடையிசையில் கிகுச்சியின் பழைய மெட்டு ஒன்றை மரியாதையாகக் கோத்திருப்பார் ஹோஷினோ. தாத்தா வேட்டியில் கிழித்த துணியைப் பேரன் சட்டைப் பாக்கெட்டாகத் தைத்துக்கொண்ட மாதிரி.

சிபி மருகோ-சான்: 1990-ல் தொடங்கிய தொடர். 'ஒதோரு போன்போகோரின்' என்ற அர்த்தமில்லாத குதூகலப் பாட்டு, அந்த வருஷத்தின் ஜப்பான் ரெக்கார்ட் விருதையே தட்டியது. பாட்டு எழுதியவர் கதையை வரைந்த சகுரா மொமோகோவேதான். இசை ஓதா டெட்சுரோ.

ஷின்சான்: 1992 முதல். இவன் வீட்டில் பாட்டு நிரந்தரம் இல்லை, மாறிக்கொண்டே இருக்கும். ஷின்சானுக்கு 2018 வரை குரல் கொடுத்த யஜிமா அகிகோ, அந்தக் குறும்புக் குரலிலேயே பல தீம் பாட்டுகளைப் பாடியிருக்கிறார்.

மூன்று வீட்டையும் ஒப்பிட்டால் ஒன்று புரியும். ஷின்சான் வீட்டில் பாட்டு மாறும். டோரேமான் வீட்டில் மெதுவாக மாறும். சஸாயே வீட்டில் மாறவே மாறாது. 1969-ல் உனோ யூகோ பாடிய அதே பாட்டுகள்தான் இன்றும் முதலும் முடிவும்.

பாட்டு அப்படியே இருக்கு... ஆட்கள்?

இங்கேதான் இந்தக் கதை கொஞ்சம் கனக்கிறது. வீட்டில் யாருக்கும் வயது ஏறுவதில்லை. கட்சுவோ இன்னமும் ஐந்தாம் வகுப்பு. ஆனால் மைக் முன்னால் நிற்பவர்களுக்கு வயதாகும்தானே?

கட்சுவோவின் முதல் குரல் யார் தெரியுமா? ஓயாமா நொபுயோ. பின்னாளில் 26 வருஷம் டோரேமானாக இருந்தவர். சில மாதங்களிலேயே தகஹாஷி கசுயே பொறுப்பேற்று, 1998 வரை பேசினார். மறு வருஷம் அவர் காலமானார். ஓயாமாவும் 2024-ல் 90 வயதில் விடைபெற்றார். அப்பா நமிஹேய்யாக முதல் நாளிலிருந்து பேசிய நகாய் இச்சிரோ 2014 ஜனவரியில் காலமானார். குட்டிப் பையன் தாராவுக்கு 53 வருஷங்களுக்கு மேல் குரல் கொடுத்த சஸுகா தகாகோ 2023-ல் போய்ச் சேர்ந்தார். மூன்று வயதுக் குழந்தைக் குரலை எண்பது தாண்டியும் சுமந்தவர். ட்சுட்சுமி கியோஹேய் 2020-ல். அரை நூற்றாண்டு ஸ்பான்சராக இருந்த தோஷிபா நிறுவனம்கூட நிதி நெருக்கடியில் 2018 மார்ச்சோடு விலகிக்கொண்டது. தொடக்கக் காலப் பிரதானக் குரல்களில் இன்றும் நிற்பவர் சஸாயேயாகப் பேசும் கதோ மிதோரி.

2020 மே மாதம் கொரோனாவால் குரல் பதிவு நின்றது. 1975-க்குப் பிறகு முதல்முறையாகப் புது எபிசோடு இல்லாமல் பழையதைப் போட்டார்கள். அப்போதும் 6.30-க்கு அந்தப் பாட்டு வந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு நாட்டுக்கு, 'இன்னைக்கு ஞாயிறுதான்' என்று சொல்ல அந்த ஒரு பாட்டாவது இருந்தது. ஜூன் 21-ல் புது எபிசோடு திரும்பியது.

ஆட்கள் போனாலும் பாட்டு ஏன் நிற்கிறது? யாரோ அதைப் பதிவு செய்து வைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

நம்ம கரையில என்ன பாட்டு?

ஜப்பானுக்கும் நம்ம கரைக்கும் ஏற்கெனவே ஒரு முத்துச் சம்பந்தம் உண்டு. மிகிமோட்டோ கோகிச்சி 1893-ல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அவர்கள் வளர்க்கும் 'அகோயா' சிப்பியும் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியும் ரொம்ப நெருங்கிய உறவு. 1973-ல் தூத்துக்குடி பக்கத்தில் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் நம்ம சிப்பியிலும் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1961-உடன் இங்கே பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்னமும் கடலுக்குள் இறங்குகிறார்கள்.

கடல் வேலைக்கும் ஒரு தீம் சாங் இருந்தது. தமிழ்நாட்டுக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் அதை 'அம்பா' என்பார்கள். துடுப்புப் போடவும், கரைவலை இழுக்கவும், எல்லார் கையும் ஒரே நேரத்தில் அசைவதற்காக ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பாட்டு. மோட்டார் வந்தது. கை இழுக்க வேண்டிய வேலையை இன்ஜின் இழுத்தது. இன்ஜின் சத்தத்தில் பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. உடம்பு வலி குறைந்தது நல்ல விஷயம், அதில் சந்தேகமே இல்லை. பாட்டு மட்டும், சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது.

ஆய்வாளர்கள் சேகரித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் வயதானவர்கள் ஞாபகத்தில். டர்போ சஸாயே கதை ஞாபகம் இருக்கிறதா? எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் எழுதி வைக்காமல் விட்ட கதை. அது மாதிரிதான் இதுவும்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

இந்த வரிசையில் போங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்:

1. சஸாயே-சான் ஓபனிங். முதல் தடவை குரலுக்காக, இரண்டாம் தடவை பேஸுக்காக.

2. சஸாயே-சான் இக்கா. ஞாயிறு மதியம் 3 மணிக்குக் கேட்டால், ஜப்பானில் அப்போது மாலை 6.30. கணக்கு கரெக்டா இருக்கும்.

3. 'ப்ளூ லைட் யோகோஹாமா'. அதே இசையமைப்பாளரின் இன்னொரு முகம். ராத்திரி பீச் ரோட்டில் துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கேட்க உகந்தது.

4. 'டோரேமான் நோ உதா', அடுத்து ஹோஷினோ கென்னின் 'டோரேமான்'. பழைய மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

5. 'ஒதோரு போன்போகோரின்'. திங்கட்கிழமை காலை அலாரம் டோனாக வைக்கலாம். எழுந்தே ஆகணும்.

ஆறாவது பாட்டு ஆப்-ல கிடைக்காது. அது உங்க வீட்டுல இருக்கு. ஆச்சி தொட்டில் ஆட்டும்போது பாடினது, தாத்தா வலை இழுக்கும்போது முணுமுணுத்தது, பக்கத்து வீட்டு மாமா குடிச்சிட்டு மட்டும் பாடுறது... எதுவா இருந்தாலும் சரி. போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் இருக்கில்லையா? வர்ற ஞாயித்துக்கிழமை, சாப்பாடு முடிஞ்சு அவங்க வெத்தலை போட்டுட்டு உக்காந்திருக்கும்போது, பக்கத்துல போய் உக்காருங்க. 'ஆச்சி, அந்தப் பாட்டை ஒருக்கா பாடேன்'னு கேளுங்க. முதல்ல 'போலே, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு'ம்பாங்க. ரெண்டாவது தடவை கேட்டா பாடுவாங்க.

பதிவு செஞ்ச ஃபைலுக்கு மறக்காம அவங்க பேரையும் தேதியையும் போட்டு வைங்க.